வண்டிக்கு அடியில் ஒரு தடவை குனிந்து பாருங்கள்

சர்வீஸுக்கு வருகிறவர்கள் என்னிடம் சொல்லும் குறைகளில் முக்கால்வாசி மேல்பக்கத்துக் குறைகள்தான். ஏசி கூலிங் இல்லை, மைலேஜ் இறங்கிவிட்டது, பம்பரில் கீறல். "அடியில எல்லாம் ஒருக்கா பாத்துடுங்கண்ணே" என்று யாராவது சொன்னால் அவர் மேல் எனக்குத் தனி மரியாதை வந்துவிடும். சென்னையில் 22 வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், அப்படிச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களில் ஒருவர் விமானப் பராமரிப்பில் வேலை செய்கிறவர். வண்டியை லிஃப்டில் ஏற்றியதும் என் கையிலிருந்த டார்ச்சை வாங்கிக்கொண்டு அவரே அடியில் வந்து நின்றுவிட்டார். அவர் சொன்னது இது: விமானம் கிளம்பும் முன்னால் யாராவது ஒருவர் அதைச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தே ஆக வேண்டும்: டயரில் வெட்டு இருக்கிறதா, பிரேக் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எங்காவது ஆயில் கசிகிறதா என்று. விமானத்தின் கால் என்பதே ஒரு பெரிய ஷாக் அப்சார்பர்தான், உள்ளே ஆயிலும் நைட்ரஜனும் இருக்கும். பளபளவென்று இருக்கும் அந்தத் தண்டு எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறது என்பதை வைத்தே உள்ளே அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நம் கார் டயரில் 33 பிஎஸ்ஐ அடிக்கிறோம், பெரிய விமானத்தின் டயரில் அது 200 பக்கம் இருக்கும்.

அவ்வளவு பார்த்தும் தவறு நடந்திருக்கிறது. 1991 ஜூலை 11, சவூதியின் ஜெத்தா விமான நிலையம். ஹஜ் முடித்த பயணிகளை நைஜீரியாவுக்கு ஏற்றிச் செல்ல வேண்டிய டிசி-8 விமானத்தில் இரண்டு டயர்களில் காற்று குறைவு. அது தெரியாமல் விமானம் கிளம்பவில்லை. தெரிந்தும், நிரப்பிக்கொண்டிருந்தால் நேரமாகும் என்று அப்படியே அனுப்பினார்கள். காற்று குறைந்த சக்கரம் தாங்காத பாரமெல்லாம் பக்கத்துச் சக்கரத்தின் மேல் ஏறி, ஓடுபாதையிலேயே டயர்கள் வெடித்து, உரசலில் தீப்பிடித்தது. எரிகிற சக்கரத்தோடு கால்கள் உள்ளே மடங்கின, தீயும் விமானத்துக்குள் போனது. திரும்பி இறங்க முயன்றார்கள், முடியவில்லை. 261 பேர், ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இது விமானத்தின் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி மடங்கி நிமிர்கிறது, அந்த மடங்கலில்தான் சூடு ஏறுகிறது. மே மாத மதியம், ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும், திருச்சி ரோட்டில் 110 வேகம் என்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. காரில் நைட்ரஜன் நிரப்பலாமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். விமானத்துக்கு அது அவசியம், ஏனென்றால் பிரேக் சூட்டில் டயருக்குள் இருக்கும் ஆக்சிஜன் ஆபத்து. காருக்கு சாதாரணக் காற்றே போதும், ஆனால் டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அது இருக்க வேண்டும், வண்டி ஓடிச் சூடாகும் முன்னால் காலையில் பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து.

டயரை விட என்னைப் பயமுறுத்துவது பால் ஜாயின்ட். முன் சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் ஒரு குமிழ், எலுமிச்சம்பழத்தை விடச் சின்னது. அதன் மேல் ஒரு ரப்பர் மூடி, உள்ளே கிரீஸ். மூடி கிழிந்தால் கிரீஸ் வெளியேறி மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்விடும், அப்புறம் அது உரலில் அரைப்பது மாதிரி தேயும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நின்ற வண்டிகள் பல என்னிடம் வந்தன. இன்ஜினைச் சரிசெய்துகொண்டு சந்தோஷமாகப் போனவர்களே நாலைந்து மாதம் கழித்து, சக்கரம் சுழல உதவும் வீல் பேரிங்கிலும் இதேபோல் தண்ணீர் புகுந்து ஊளைச் சத்தம் என்று திரும்பி வந்தார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம். திருச்செந்தூர் போக வேண்டும், ஏசி மட்டும் பாருங்கள் என்று வண்டியை விட்டார்கள். பழக்கத்தில் லிஃப்டில் ஏற்றினேன். இடது முன்சக்கரத்தில் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினால் டொக் டொக் என்று கைக்குத் தெரிகிற ஆட்டம். போனில் சொன்னேன். "நாளைக்கு விடிகாலை கிளம்பணும்ணே, வந்து மாத்திக்கலாம்" என்றார். நானும் சரி, மெதுவா போங்க என்று சொல்லி வண்டியைக் கொடுத்துவிட்டேன். விழுப்புரம் தாண்டி ஒரு டோல்கேட்டுக்காக வேகம் குறைக்கும்போது குமிழ் கழன்று, சக்கரம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து, வண்டி முகம் குப்புற உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. பின் சீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் முன்னால் அந்த வண்டி என்ன வேகத்தில் போயிருக்கும் என்று நினைத்து அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மெதுவாகப் போங்கள் என்று சொன்னது என் தவறு. போகக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் சத்தத்தைக் கவனியுங்கள். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது கடக் என்றால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் பாகங்களில் ரப்பர் புஷ்ஷோ லிங்க் ராடோ பால் ஜாயின்ட்டோ போயிருக்கலாம். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது டக டக என்றால் சிவி ஜாயின்ட், அதாவது இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் மூட்டு. டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிசெய்வது) மட்டும் பண்ணிவிட்டு வந்துவிடாதீர்கள், ஆட்டம் இருக்கும் வண்டியில் அலைன்மென்ட் நிற்காது. டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-வது வாரம் செய்த டயர். பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேல் கட்டை, நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். ஆனால் ஒன்று, பார்க்கிற ஆர்வத்தில் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். அதற்கு ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள்.

இப்போதெல்லாம் சக்கரத்தில் அந்த மாதிரி ஆட்டம் இருந்தால் நான் போனில் சொல்வதில்லை. ஓனரை லிஃப்டுக்கு அடியில் கூப்பிட்டு அவர் கையையே சக்கரத்தில் வைத்து ஆட்டச் சொல்கிறேன். அந்த டொக் அவர் உள்ளங்கையில் தெரிந்த பிறகு, இதுவரை ஒருவர்கூட ஊருக்குப் போய்விட்டு வந்து மாற்றிக்கொள்கிறேன் என்று சொன்னதில்லை.