விழாத அடிக்கு ஆடும் கால்

ஒரு வாசகி கேட்கிறார்: "பாடகர் டேனியல் பெடிங்ஃபீல்டின் 'காட்டா கெட் த்ரூ திஸ்' பாட்டைக் கேட்டால் கால் தானாக ஆடுகிறது. அதில் டிரம் அடியே கம்மிதானே, எப்படி?"

சரியான இடத்தைப் பிடித்திருக்கிறார். லண்டனில் தன் படுக்கையறையில் ஒரு கம்ப்யூட்டரையும் மைக்கையும் வைத்து பெடிங்ஃபீல்ட் உருவாக்கிய முதல் சிங்கிள், அதாவது தனியாக வெளியிட்ட பாட்டு, அது. 2001 டிசம்பரில் பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. அதன் தாளம், அப்போது அங்கே கொடிகட்டிப் பறந்த யூகே கேரேஜ் என்ற நடன இசையின் டூ-ஸ்டெப் வகை.

இந்த வகையில் நிமிடத்துக்குச் சுமார் 130 துடிப்பு. ஹவுஸ் என்ற நடன இசையில் நான்கு துடிப்பிலும் கிக், அதாவது கனத்த ஓசை தரும் பெரிய டிரம், தொம் தொம் என்று விழும். டூ-ஸ்டெப்பில் இரண்டாவதிலும் நான்காவதிலும் கிக்கை எடுத்துவிட்டு ஸ்னேரை, அதாவது கூர்மையான ஓசை தரும் சின்ன டிரம்மை, மட்டும் விடுவார்கள். இன்னொரு கிக்கை நேர்த்துடிப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பார்கள்.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி. மூளை அடியைக் கேட்டுவிட்டு எண்ணுவதில்லை. அடுத்தது எப்போது வரும் என்று முன்பே கணித்துவிடுகிறது. நாம் அசையாமல் உட்கார்ந்து கேட்டாலும், அசைவைத் திட்டமிடும் மூளைப் பகுதிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் அடி விழாமல் போனால் அந்த மௌனத்துக்கே மூளையில் மின்சலனம் எழுகிறது! 2009இல் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து 2, 3 நாளே ஆன குழந்தைகளுக்குத் தூக்கத்தில் டிரம் தாளம் போட்டார்கள். சுற்றின் முதல் அடியை நீக்கியதும் மூளை அலை மாறியது. முக்கியமில்லாத அடிகளை நீக்கியபோது அந்த மாற்றம் இல்லை.

தூங்குகிற குழந்தைக்குத் தாளம் போடவா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பேன். நடை தடுமாறும் பார்கின்சன் நோயாளிகள் பலர் சீரான தாளம் கேட்டால் சீராக நடக்கிறார்கள். அதே கணிப்புதான் அங்கேயும் கைகொடுக்கிறது.

அப்படியானால் அடியைக் குறைத்துக்கொண்டே போகலாமா? முடியாது. 2014இல் வெளியான இன்னோர் ஆய்வில் பலவகை டிரம் தாளங்களைக் கேட்கவைத்தார்கள். ரொம்ப நேரானதும் ரொம்பச் சிக்கலானதும் ஆடத் தூண்டவில்லை. ஆசை உச்சத்துக்குப் போனது நடுத்தரச் சிக்கலில்தான். டூ-ஸ்டெப்பில் ஸ்னேர் இரண்டையும் நான்கையும் விடாமல் பிடித்துக்கொள்வதால் கணக்கு தப்புவதில்லை. கிக் விட்டுப்போன இடத்தைக் கால் நிரப்பிக்கொள்கிறது.