ஹோவர்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பவர்கள் மல்லுக்கட்டுவது பெரும்பாலும் ஹோவரோடுதான். தரைக்கு மேலே நாலைந்து அடி உயரத்தில், முன்னே பின்னே போகாமல், பக்கவாட்டில் நழுவாமல், மூக்கும் திரும்பாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதுதான் ஹோவர். இதற்குத் தமிழில் வட்டமிடுதல், மிதத்தல், அந்தரத்தில் நிற்றல் என்று ஆளுக்கொன்று சொல்கிறோம்.

வட்டமிடுவது பருந்தின் வேலை, அதை விட்டுவிடலாம். மிதத்தல் கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தண்ணீரில் தக்கை சும்மா கிடந்தாலே மிதக்கும். ஹெலிகாப்டரோ காற்றை விடாமல் கீழே தள்ளித் தள்ளித்தான் தன் எடையைத் தாங்குகிறது. நல்ல உயரத்தில் அசையாமல் நிற்க, 50, 60 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகத்தில் முன்னே பறப்பதைவிட அதிக எஞ்சின் திறன் வேண்டும்!

ஆங்கிலச் சொல் எப்படி வந்தது என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். 'ஹோவ்' என்ற பழைய வினைக்கு ஓரிடத்தில் தங்கி நில், காத்து நில் என்று பொருள். அதோடு 'அர்' என்ற விகுதி சேர்ந்து, சுமார் 1400 வாக்கில் ஹோவர் ஆனது. ஒரு செயல் சின்னச் சின்னதாகத் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும் விகுதி அது. மிதப்பதைக் குறிக்கும் ஃப்ளோட்டிலிருந்து சிறகடிப்பதைக் குறிக்கும் ஃப்ளட்டர் வந்ததும் இதே வழியில்தான்.

அந்தத் 'திரும்பத் திரும்ப' என்ன என்பது விமானி இருக்கையில் உட்கார்ந்தால் புரியும். இடது கையில் ஏற்றி இறக்கும் நெம்புகோலான கலெக்டிவ், வலது கையில் முன்பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தும் குச்சியான சைக்ளிக், காலடியில் மூக்கைத் திருப்பும் பெடல்கள். மேலிருந்து பார்த்தால் ரோட்டர், அதாவது தலைக்கு மேலே சுழலும் இறக்கைத் தொகுதி, இடஞ்சுழியாகச் சுற்றும் ஹெலிகாப்டர் என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கீழே இறங்குகிறதே என்று கலெக்டிவைத் தூக்கினால் முறுக்குவிசை கூடி மூக்கு வலப்பக்கம் திரும்பும், அதற்கு இடது பெடலை அழுத்தினால் வால் ரோட்டரின் தள்ளுவிசை கூடி மொத்த ஹெலிகாப்டரையும் வலப்பக்கம் நகர்த்தும், அதைப் பிடிக்க சைக்ளிக்கை இடப்பக்கம் சாய்த்தால் தூக்குவிசையில் கொஞ்சம் பக்கவாட்டில் போய்விடும், அப்புறம் மறுபடி கலெக்டிவ். போதாததற்கு சைக்ளிக்கை அசைத்ததும் பலன் உடனே தெரியாது. 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று கற்பவர் இன்னும் தள்ள, அதற்குள் ஹெலிகாப்டர் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு சாய, பதறிப்போய் மறுபக்கம் இழுக்க, ஊசலாட்டம் ஆரம்பமாகிவிடும். அதனால்தான் பயிற்றுநர்கள் பலர் முதலில் பெடலை மட்டும் கொடுப்பார்கள், பிறகு கலெக்டிவ், கடைசியில்தான் சைக்ளிக். காலடியில் தெரியும் புல்லைப் பார்க்காதே, தூரத்தில் பார் என்பார்கள். குச்சியை அசைக்கவே வேண்டாம், அந்தப் பக்கம் அழுத்த நினைத்தாலே போதும் என்பார்கள். உண்மையிலேயே அவ்வளவு சின்ன அசைவுதான் வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம். அந்தரத்தில் நிற்றல் பேச்சில் இயல்பாக வரும், படம் கண்முன் நிற்கும். ஆனால் பறத்தல் அதில் இல்லை. 20 நாட் எதிர்காற்றில் ஹோவர் செய்யும்போது தரையைப் பொறுத்தவரை அசைவில்லை, காற்றைப் பொறுத்தவரை 20 நாட் வேகத்தில் பறந்துகொண்டுதான் இருக்கிறது. நிற்பதும் பறப்பதும் சேர்ந்து வர வேண்டும் என்பதால் வினைக்கு 'நின்று பறத்தல்', பெயருக்கு 'நிலைப்பறப்பு' என்பது என் தேர்வு. ஓட்டும்போது எல்லோரும் ஹோவர் என்றே சொல்லட்டும், அதில் தவறில்லை. பாடநூலோ கையேடோ எழுதும்போது நிலைப்பறப்பு வசதியாகப் பொருந்தும்: ரோட்டர் விட்டத்தின் அளவு உயரத்துக்குள், தரையின் அருகாமை கைகொடுக்கும் இடத்தில் நின்றால் 'தரை விளைவுக்குள் நிலைப்பறப்பு', அதற்கு மேலே போனால் 'தரை விளைவுக்கு வெளியே நிலைப்பறப்பு'.