சாத்தே குச்சியில் தொங்கிய சாமி மேடை

இந்தத் தீபாவளிக்கு முன்னால் மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மட்டும் மூன்று வீடுகளில் சுவரில் மாட்டிய சாமி மேடை விழுந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள். முதல் இரண்டையும் சரிசெய்துவிட்டு வந்து மறந்துவிட்டேன். மூன்றாவதை மறக்க முடியவில்லை. மேடை விழுந்த நேரம் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்திருக்கிறது. எண்ணெய் கொட்டி, கீழே கிடந்த பாய் பற்றிக்கொண்டது. அந்த அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல், தனியாக இருக்கிறார். பால் எடுக்கக் குசினிக்குப் போயிருந்ததால் தலை தப்பியது. ஈரச் சாக்கைப் போட்டு அவரே தீயை அணைத்திருக்கிறார்.

சுவரில் இருந்த ஓட்டையை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் நோண்டினேன். உள்ளேயிருந்து வந்தது சாத்தே குச்சி, இறைச்சி கோத்துச் சுடுகிற மூங்கில் குச்சி. நான்கு ஓட்டையிலும் அதேதான்.

“பேரன் போன்ல பாத்துத்தான் தம்பி செஞ்சான். கோந்தெல்லாம் தடவித்தான் அடிச்சான். ரெண்டு மாசம் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார்.

பேரன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் பார்த்தது பொய்யான வித்தையும் இல்லை. என் அப்பா தோட்டத்துத் தச்சர். லயத்து வீட்டுக் கதவுகளில் கீல் ஆடினால் அவரும் இதையேதான் செய்வார். நானும் 26 வருடமாகச் செய்கிறேன். கதவு நிலையில் ஸ்க்ரூ வழுக்கிச் சுற்றுகிறதா? குச்சியை வெள்ளைக் கோந்தில் தோய்த்து, ஓட்டை நிறைய அடித்து இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, நுனியை நறுக்கிவிட்டு, பழைய ஸ்க்ரூவையே திரும்ப முடுக்கலாம். பல வருடம் அசையாது. (மூங்கிலைவிட, மீ (நூடுல்ஸ்) பொட்டலத்தோடு தருகிறார்களே, அந்த மரக் குச்சி நல்லது. மூங்கில் தோலில் கோந்து அவ்வளவாகப் பிடிக்காது. மரத்தூளையும் கோந்தையும் குழைத்து அடைக்கிறவர்கள் உண்டு. பார்க்க நன்றாக இருக்கும், ஸ்க்ரூ நிற்காது.)

ஆனால் இது மரத்துக்கான வைத்தியம். இதை எத்தனை முறை சொல்வது! கதவு நிலையும் மரம், குச்சியும் மரம், கோந்து இரண்டையும் ஒட்டி ஒரே கட்டையாக்குகிறது, அந்தக் கட்டையைத்தான் ஸ்க்ரூ கடிக்கிறது. சுவரில் அந்தக் கோந்துக்கு எது பிடி? துளையிட்ட ஓட்டைக்குள் வெறும் சிமெண்டுத் தூள். கோந்து அந்தத் தூளில்தான் ஒட்டும், சுவரில் ஒட்டாது. முடுக்கும்போது குச்சி நெருக்கிக்கொண்டு கெட்டியாக நிற்பது போலிருக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நம் ஊர் ஈரத்துக்கு மரம் உப்பும், வெயில் காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிடி விடும். அந்த அம்மா சொன்ன இரண்டு மாதம் அதற்கு எடுத்துக்கொண்ட நேரம்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். பலகை வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். பலகைக்குப் பின்னால் சட்டம் ஓடும் இடத்தைத் தட்டிப் பார்த்து, அங்கே ஓர் ஆணி அடித்தால் சாமி படம், கடிகாரம், தாத்தா படம் எல்லாம் தொங்கும். தோட்டத்தை விட்டு வெளியேறித் தாமான் (குடியிருப்பு) கல் வீட்டுக்கு வந்தோம். வீடு மாறியது, கை மாறவில்லை. இன்றும் பெரியவர்கள் “பெரிய ஆணியா அடி, நிக்கும்” என்கிறார்கள். பூச்சுச் சுவரில் ஆணி பெரிதானால் பூச்சுதான் பெரிதாகப் பெயரும்.

கல் சுவருக்கு வால் பிளக் போட வேண்டும். ஓட்டைக்குள் இறக்கும் சின்ன பிளாஸ்டிக் உறை அது, ஸ்க்ரூ முடுக்கினால் விரிந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும். ஒரு பொட்டலம் சில வெள்ளிதான். 8 மில்லிமீட்டர் பிளக் என்றால் டிரில்லில் 8 மில்லிமீட்டர் பிட், கல் துளைக்கும் பிட். பிளக்கின் அடிமுனை போய் உட்காரும் இடத்தைவிட ஒரு சென்டிமீட்டர் ஆழமாகத் துளையுங்கள். தூளை ஊதி எடுங்கள். இதை மட்டும் யாரும் செய்வதில்லை, அப்புறம் பிளக் பாதியில் நின்றுவிட்டது என்று சுத்தியலால் அடித்து நசுக்குகிறார்கள். ஊதும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள், கண்ணாடி போட்டால் இன்னும் நல்லது.

முக்கியமானது பிளக் எங்கே உட்கார்கிறது என்பது. வெளியே இருக்கும் பூச்சு ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும். அதற்குப் பலம் கிடையாது. பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் போயிருக்க வேண்டும். கணக்கு இதுதான்: பிளக் 40 மில்லிமீட்டர், பூச்சு 15, பலகையைத் தாங்கும் L வடிவ பிராக்கெட்டின் தகடு 3. கூட்டினால் 58. ஆக 60 மில்லிமீட்டர் ஸ்க்ரூ. பிராக்கெட்டோடு வரும் குட்டி ஸ்க்ரூ மரத்துக்கு உள்ளது, அதைச் சுவரில் போடாதீர்கள். சிவப்புக் கல் கட்டிய வீடென்றால் தூள் சிவப்பாக மாறும்போது கல் வந்துவிட்டது என்று தெரியும். சிமெண்டுக் கல் வீட்டில் நிறம் காட்டாது, கையில் வரும் அழுத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டிரில் திடீரென்று வழுக்கி உள்ளே ஓடினால் அங்கே பொந்து. அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பிராக்கெட். அந்த வீட்டில் நீளக் காலைப் பலகைக்கடியிலும் குட்டைக் காலைச் சுவரிலும் வைத்திருந்தார்கள். தலைகீழ். மேடையில் 15 கிலோ ஏற்றுகிறீர்கள், பித்தளை விளக்கும் படங்களும் சேர்ந்தால் அவ்வளவு சுலபமாக வரும். அந்தப் பாரம் சுவரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. சுவரில் நிற்கும் கால் 15 சென்டிமீட்டர் என்றால் மேல் ஸ்க்ரூக்களை ஏறக்குறைய 15 கிலோ வெளியே இழுக்கும். கால் ஏழரை சென்டிமீட்டர் என்றால் 30 கிலோ இழுக்கும். பாரம் அதேதான், இழுப்பு மட்டும் இரட்டிப்பு. நீளக் கால் எப்போதும் சுவரில்.

பலகையையும் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவுப் பலகையைச் சாமி மேடைக்கு வாங்காதீர்கள். தண்ணீர் பட்டால் உப்பிப் பொரியும், விளிம்பில் ஸ்க்ரூ நிற்காது. தினம் பூ, தண்ணீர், அபிஷேகம் என்று ஈரம் படும் இடம் அது. நல்ல பிளைவுட்டோ, யாராவது இடித்த வீட்டிலிருந்து கிடைக்கும் பழைய செங்கால் (கெட்டியான நம் ஊர் மரம்) பலகையோ போதும். செங்கால் கிடைத்தால் விடவே விடாதீர்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், கொஞ்சம் கடுமையாகவும் சொல்கிறேன். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளைக்காதீர்கள், கம்பி அப்படித்தான் ஓடும். குழாய்க்கு நேர் மேலேயும் அதே. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி டிரில் பிடிக்காதீர்கள். இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் வட்டைப் போட்டுப் பலகை அறுக்கும் தம்பிகளே, தயவுசெய்து நிறுத்துங்கள். பல் மரத்தில் சிக்கினால் கருவி உங்கள் மேல்தான் பாயும், அப்போது உங்கள் கை அதைவிட வேகமாக நகராது. கை ரம்பம் 10 நிமிடம் கூட எடுக்கும், எடுக்கட்டும். மழை மாதத்தில் கதவு இறுகிவிட்டது என்று உடனே இழைக்காதீர்கள், காய்ந்த பிறகு விரல் நுழையும் இடைவெளி வரும்.

இன்று மாலை விளக்கேற்றும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். மேடையின் முன் விளிம்பைப் பிடித்து மெதுவாகக் கீழே அழுத்துங்கள். பிராக்கெட்டின் மேல் முனைக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் விளக்கையும் படங்களையும் இறக்கித் தரையில் மணை போட்டு வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த அம்மாவிடமும் இதையேதான் சொன்னேன். நான் மேடையைத் திரும்ப மாட்டி முடிக்கும்வரை இரண்டு நாள் மணையில்தான் விளக்கு எரிந்தது.