பகலில் தெரியும் புகை, இரவில் இறங்கும் புகை

மாசி, பங்குனியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவு காய்ந்து கிடக்கும். பாபநாசம், கடையம், களக்காடு பக்கத்து அடிவாரக் காடுகளில் சருகும் புல்லும் பற்றிக்கொள்ள அணையாத ஒரு பீடித் துண்டு போதும். அந்தத் தீயைக் கண்டுபிடிப்பதும் அதன் புகையைத் தொடர்வதும் செயற்கைக்கோளுக்கு இரண்டு வெவ்வேறு வேலைகள். முதலாவது எளிது.

வெயிலில் காயும் நிலம் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி அதிக வெப்பக்கதிரை உமிழ்கிறது. எரியும் சருகு 4 மைக்ரானை ஒட்டி. இரண்டு அலைநீளங்களிலும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் சிறு தீ கூட அகப்பட்டுவிடும். சுவோமி என்.பி.பி. செயற்கைக்கோளின் வியர்ஸ் கருவி 375 மீட்டர் சதுரங்களாக நிலத்தைப் பார்க்கிறது. அதாவது, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி என்பது சுமார் 35 ஏக்கர். அதற்குள் எங்கோ தீ இருக்கிறது என்றுதான் பொருள். 35 ஏக்கரும் எரிகிறது என்று பதறக் கூடாது. இத்தகைய புள்ளிகளைக் கொண்டுதான் டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் வனத்துறையினரின் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது.

புகைக்கு வெப்பம் கிடையாது. அதை ஒளியால்தான் பிடிக்க வேண்டும். புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. நீல ஒளியை நன்றாகச் சிதறடிக்கும், 2 மைக்ரான் அகச்சிவப்பை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும். மேகத்துளி பெரியது, இரண்டையும் சிதறடிக்கும். ஆகவே நீலத்தில் மங்கலாகவும் அகச்சிவப்பில் தெளிவாகவும் ஓரிடம் தெரிந்தால் அது புகை. கரும்பச்சைக் காட்டின் மேலும் மன்னார் வளைகுடாவின் மேலும் அது பளிச்சென்று தெரியும். திசையன்விளைப் பக்கத்துத் தேரியின், அதாவது செம்மணல் மேட்டின், மேல் வந்தால் சிக்கல்: வெளிச்சமான மணலில் மெல்லிய புகை கரைந்துவிடும். அதற்கும் வழி உண்டு. செம்மணல் நீல ஒளியை விழுங்குவதால், ஊதாவை ஒட்டிய ஆழ்ந்த நீலத்தில் படம் எடுத்தால் தேரி கறுத்துவிடும். புகை மட்டும் வெளிறி நிற்கும். பாலைநிலங்களின் மேல் தூசியையும் புகையையும் அளக்க உதவும் இந்த உத்தி எனக்கு மிகவும் பிடித்தமானது. மண்ணின் நிறமே துணைக்கு வருகிறது!

புகையின் பயணத்தைத் தொடர ஒரே படம் போதாது. வியர்ஸ் நண்பகல் கடந்து ஒருமுறை, நள்ளிரவு கடந்து ஒருமுறை நம் தலைக்கு மேல் வரும். 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்சாட்-3டிஆர் செயற்கைக்கோள், அரைமணிக்கு ஒரு படம் தருகிறது. நுணுக்கம் குறைவு, ஆனால் அடுத்தடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் புகை நகரும் திசையும் வேகமும் கிடைத்துவிடும். தரையை ஒட்டிக் கடற்காற்று ஒரு பக்கம் தள்ளும், மேலே வேறொரு காற்று வேறு பக்கம் இழுக்கும். திருவனந்தபுரத்தில் வானிலைத் துறை பறக்கவிடும் பலூன், உயரவாரியாகக் காற்றின் திசையைச் சொல்கிறது. புகை நகரும் திசை அதில் எந்த உயரத்துக் காற்றோடு பொருந்துகிறதோ, புகையும் ஏறத்தாழ அந்த உயரத்தில்தான் இருக்கிறது என்று கணிக்கலாம்.

இந்த உயரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம் என்பேன். மேலிருந்து எடுக்கும் படம், வானம் முழுவதிலும் உள்ள புகையை ஒன்றாகக் கூட்டிக் காட்டுகிறது. இரண்டு கிலோமீட்டர் உயரத்தில் போகும் புகை படத்தில் பயமுறுத்தும். கீழே இருப்பவர் மூச்சில் அது கலப்பதில்லை. பகலில் சூடான காற்று புகையை மேலே தூக்கிச் செல்கிறது. பொழுது சாய்ந்ததும் நிலைமை தலைகீழாகிறது: மலைச்சரிவில் குளிர்ந்த காற்று ஓடைகள் வழியே இறங்கி, புகையையும் கூட்டிக்கொண்டு அடிவார ஊர்களில் தேங்குகிறது. ஆஸ்துமாக்காரர்களும் கைக்குழந்தைகளும் மூச்சுக்குத் திணறுவது இந்தப் புகையில்தான்.

அந்த நேரத்தில் செயற்கைக்கோளுக்குச் சூரிய ஒளி கிடையாது. வியர்ஸில் நிலவொளியில் பார்க்கும் ஒரு கண் உண்டு. பௌர்ணமியை ஒட்டி அது உதவும், அமாவாசையில் கைவிட்டுவிடும். தரையில் நிற்கும் நுண்துகள் அளவைக் கருவிக்கு வெளிச்சம் தேவையில்லை, அமாவாசையும் பௌர்ணமியும் அதற்கு ஒன்றுதான். நகரங்களுக்கு மட்டும் போதும் என்று நினைக்காமல், கடையத்திலும் களக்காட்டிலும் கோடைக்கு முன்பே அவற்றை நிறுவ வேண்டும். படத்தில் மாலையில் தெரியும் புகையையும் கருவியில் இரவில் ஏறும் அளவையும் பல நாள் சேர்த்துப் பார்த்துவந்தால், அன்றிரவு எந்த ஊரில் சன்னலை அடைக்கச் சொல்ல வேண்டும் என்பதை மாலையிலேயே கணித்துச் சொல்ல முடியும்.