கிணறு ஏன் களப்புக்குள் போனது?

நிலாவெளியில் களப்பை ஒட்டி வளவு வைத்திருக்கும் அண்ணர் ஒருவர் போன மாதம் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "தம்பி, என் கிணறு களப்புக்குள் போய்விட்டது" என்றார். பழைய நில அளவைத் தாள் ஒன்றின் ஓரத்தில் அச்சிட்டிருந்த அளவுகளைக் கொண்டு அவருடைய மகன் கிணற்றின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணக்கிட்டு, அந்த எண்களைத் தொலைபேசியில் போட்டுப் பார்த்திருக்கிறான். புள்ளி வளவைத் தாண்டி, கிளுவை வேலியைத் தாண்டி, இருநூறு மீட்டருக்கும் மேல் மேற்கே தண்ணீரில் விழுந்திருந்தது. தாளும் சரி, தொலைபேசியும் சரி, பையனின் கணக்கும் சரி. பிறகு எங்கே பிழை?

பூமி முழு உருண்டை அல்ல. துருவங்களில் சற்றுத் தட்டையானது. மேற்பரப்போ மேடும் பள்ளமும். அதன் மீது அளவெடுக்க, முதலில் பூமிக்கு நெருக்கமான, வழவழப்பான, சற்றுத் தட்டையான ஓர் உருண்டை வடிவத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இலங்கையின் பழைய வரைபடங்கள் 1830ஆம் ஆண்டின் எவரெஸ்ட் வடிவத்தை எடுத்துக்கொண்டன. மலைக்குப் பெயர் கொடுத்த அதே ஜோர்ஜ் எவரெஸ்ட், இந்தியாவில் நடந்த அளவீடுகளிலிருந்து கணித்த வடிவம் அது. எங்கள் பகுதி நிலத்தோடு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் மையம் பூமியின் உண்மையான மையத்தில் இல்லை. செய்மதிகள் பூமியின் ஈர்ப்பு மையத்தைச் சுற்றுகின்றன. ஆகவே தொலைபேசி பயன்படுத்தும் உலகப் பொது முறைக்கு மையம் அங்கேதான். இப்படி ஒரு வடிவத்தையும் அதன் மையத்தையும் முடிவுசெய்து வைத்துக்கொள்வதுதான் அளவீட்டு அடித்தளம். ‘கந்தவல’ என்று பெயர் பெற்ற இலங்கையின் பழைய அடித்தளத்துக்கும் உலகப் பொது முறைக்கும் மையங்கள் ஏறக்குறைய 800 மீட்டர் விலகியிருக்கின்றன. அந்த விலகல் எங்கள் பக்கத் தரையில் கிழக்கு மேற்காகச் சுமார் 220 மீட்டராக வெளிப்படுகிறது. அண்ணரின் கிணறு போன தூரம் அதுதான்.

குழப்பம் இதோடு முடியவில்லை. இலங்கை வரைபடங்களில் மீட்டர்க் கட்டங்களும் உண்டு. அவை பீதுருதலாகல மலையை மூலப்புள்ளியாகக் கொண்டவை. திருகோணமலை நகரம் அந்த மலையிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 51 கிலோமீட்டரிலும், வடக்கே ஏறத்தாழ 174 கிலோமீட்டரிலும் இருக்கிறது. பழைய கட்டத்தில் மலைக்கு 200000, 200000 என்று எண் கொடுத்திருந்தார்கள். ஆகவே எங்கள் நகரம் சுமார் 251000, 374000. 1999ஆம் ஆண்டின் புதிய அடித்தளத்தில் மலைக்கு 500000, 500000. அதனால் அதே நகரம் சுமார் 551000, 674000. எந்தக் கட்டம் என்று தெரியாத எண், எந்த ஊர் என்று எழுதாத முகவரி மாதிரி.

அரச வரைபடங்களையும் காணித் தரவுகளையும் குடிமக்களுக்கு இணையத்தில் திறந்துவிட வேண்டும் என்று பேசும்போது, பலர் மனதில் தோன்றுவது ஓர் இணையத்தளமும் அதில் ஒரு வண்ணப்படமும்தான். படத்தைப் பார்க்கக் கொடுப்பது பாதி வேலை. எந்த அடித்தளம், எந்தக் கட்டம், எப்போது அளந்தது, எவ்வளவு துல்லியம் என்ற நான்கு விவரங்களும் கூடவே வந்தால்தான் ஒரு சாதாரண மனிதரால் அதைச் சரிபார்க்க முடியும். சரிபார்க்க முடியாத வரைபடத்தைத் திறந்த வரைபடம் என்று நான் ஏற்கமாட்டேன்.

படத்துக்கும் தரவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு வளவை வைத்தே சொல்லலாம். காணியின் வரைபடத்தை வருடிப் படமாகப் போட்டால், கணினிக்கு அது வெறும் நிறப்புள்ளிகளின் கூட்டம். அதையே மூலைகளின் ஆள்கூறுகளாகக் கொடுத்தால் கணக்குப் போடலாம். ஒரு வளவின் நான்கு மூலைகள், மீட்டரில், (0, 0), (20, 0), (22, 25), (1, 24) என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மூலையின் முதல் எண்ணை அடுத்த மூலையின் இரண்டாவது எண்ணோடு பெருக்க வேண்டும். அதிலிருந்து அடுத்த மூலையின் முதல் எண்ணையும் இந்த மூலையின் இரண்டாவது எண்ணையும் பெருக்கிக் கழிக்க வேண்டும். சுற்றி வந்து எல்லாவற்றையும் கூட்டினால் 0, 500, 503, 0, ஆக 1003. அதன் பாதி 501.5 சதுர மீட்டர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர். ஆகவே இந்த வளவு 19.8 பேர்ச். காணி உறுதிப் பத்திரத்தில் 20 பேர்ச் என்று எழுதியிருந்தால், குறைவது எவ்வளவு என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை தாளும் பேனாவும் கொண்டு சொல்லிவிடும்.

நல்ல காணித் தரவுத்தளம் இன்னொன்றும் செய்யும். இரண்டு வளவுக்கும் பொதுவான வேலியை அது ஒரே ஒரு கோடாகத்தான் வைத்திருக்கும். தாளில் ஒவ்வொருவர் வரைபடமும் தனித்தனி. என் படத்தில் என் வேலி, உங்கள் படத்தில் உங்கள் வேலி, நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத ஓரடி, அல்லது இருவருக்கும் சொந்தமான ஓரடி. கோடு ஒன்றாகும்போது அந்த ஓரடி கணினித் திரையில் உடனே அகப்பட்டுவிடும். வருடா வருடம் கதியால் போடும்போது வேலி நகர்ந்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இத்தனை தரவையும் மெதுவான இணைப்பில் எப்படிப் பார்ப்பது? வரைபடத்தைச் சிறு சதுர ஓடுகளாக வெட்டி, திரைக்குத் தேவையான ஓடுகளை மட்டும் அனுப்புகிறார்கள். ஒரு படி நெருங்கினால் ஒவ்வோர் ஓடும் நான்காகும். அதனால்தான் கிண்ணியாவைப் பார்க்க முழு இலங்கையையும் இறக்க வேண்டியதில்லை.

உண்மையான சிக்கல் ஓடுகளில் இல்லை, ஏடுகளில் இருக்கிறது. இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800இல் தொடங்கியது. நிலத்தின் வடிவம் அதனிடம். உறுதிகள் காணிப் பதிவகத்தில். அரச காணிக்கான அனுமதிப்பத்திரங்களும் அளிப்புகளும் பிரதேச செயலகத்தில். இவற்றில் பெரும்பாலானவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தவை. நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி அரச காணி என்பதால், இந்த மூன்றாவது ஏடு சிறிய விஷயமே அல்ல. மூன்றையும் இணைக்கும் பொது எண் எல்லாக் காணிக்கும் இல்லை. உறுதியில் பெரும்பாலும் சொற்களில்தான் எல்லை: ‘வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை’. அந்த இன்னார் இறந்து, பிள்ளைகள் பிரித்து, ஒழுங்கை வீதியாகி, வேலி மதிலாகியிருக்கும்.

இன்னும் ஒன்று பலருக்குத் தெரியாது. உறுதியைப் பதிவுசெய்வது அந்த ஆவணத்தைப் பதிவுசெய்வதுதான்; எழுதிக்கொடுத்தவருக்குக் காணி உண்மையில் சொந்தமா என்பதற்கு அரசு உத்தரவாதம் தருவதில்லை. இதை மாற்றவே 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் வந்தது. ‘பிம் சவிய’ என்ற பெயரில் நடைபெறும் திட்டம் அதன் வழி வந்ததே. முதலில் ஒவ்வொரு துண்டையும் அளந்து எண் கொடுத்து வரைபடம் தயாரித்து, பிறகு உரிமையை விசாரித்து, அந்த எண்ணுக்கே உரித்துச் சான்றிதழ் வழங்குவது அதன் முறை. இணையத்தில் திறக்கத் தகுதியான அமைப்பு இதுதான்: எண்ணைத் தட்டினால் வடிவமும் வரலாறும் ஒன்றாக வர வேண்டும்.

எங்கள் மாவட்டத்துக்கு இது ஏன் வேறெங்கும் விட அவசரம் என்று சொல்லத் தேவையில்லை. 1990இல் வீட்டை விட்டு ஓடியவர்கள் எத்தனை பேர் உறுதியை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்? 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல், அலுமாரிக்குள் இருந்த பத்திரங்களையும் கொண்டுபோனது. 2006இல் சம்பூரை விட்டுப் போனவர்கள் பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பினார்கள். திரும்பியபோது எல்லைக்கல்லும் இல்லை, அடையாளம் சொன்ன பனையும் இல்லை. நிலம் இருந்தது, அது தங்களுடையது என்று காட்டுவதுதான் கடினமாக இருந்தது. வரைபடத்தின் ஒரு பிரதி எல்லோருக்கும் எட்டும் இடத்தில் இருந்திருந்தால் என்ற எண்ணம் இதை எழுதும்போதும் என்னை விடவில்லை.

பாதுகாப்பைக் காரணம் காட்டி வரைபடங்களை மூடி வைப்பது துறைமுக ஊர்க்காரர்களுக்குப் பழகிய விஷயம். ஆனால் அமெரிக்கா தன் லாண்ட்சாட் செய்மதிப் படங்களை 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டது. ஐரோப்பாவின் சென்ரினல் செய்மதிகள் 10 மீட்டர் நுணுக்கத்தில் கொட்டியாரக் குடாவை மீண்டும் மீண்டும் படமெடுத்து, யார் கேட்டாலும் கொடுக்கின்றன. மகாவலி கடலில் சேரும் இடத்தில் மணல் திட்டு எப்படி நகர்கிறது என்று உலகில் எவரும் பார்க்கலாம். மூடிய தாளால் வெளியாரிடமிருந்து ஒளிக்க முடிந்தது எதுவும் மிச்சமில்லை. தன் எல்லை எங்கே என்று மூதூர்க்காரருக்குத் தெரியாமல் இருப்பதுதான் மிச்சம்.

தமிழில் தேட முடியுமா என்பதையும் இப்போதே கேட்க வேண்டும். எங்கள் அலுவலகங்களில் பல ஆண்டுகள் தட்டச்சு செய்தவை பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அதில் திரையில் ‘அ’ என்று தெரிந்தாலும் கணினிக்குள் இருப்பது ஆங்கில ‘எம்’. இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில் ‘அருணகிரி வீதி’ என்று தேடினால் அந்தக் கோப்புகள் ஊமையாக நிற்கும். மாற்றும் மென்பொருள்கள் உண்டு. மாற்றியதை ஊர்ப்பெயர் தெரிந்த ஒருவர் கண்ணால் பார்த்துத் திருத்தவும் வேண்டும். திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை எல்லாம் ஒரே ஊர் என்பதைக் கணினிக்கு யாராவது சொல்லிக்கொடுக்கத்தான் வேண்டும்.

திறப்பதில் ஆபத்தும் இருக்கிறது. கடற்கரைக் காணிக்கு அலையும் தரகருக்கு வெளிநாட்டில் இருப்பவரின் பூட்டிய வளவு முதலில் கண்ணில் படும். அதனால் வடிவம், எண், பரப்பளவு, அரச காணியா தனியார் காணியா என்ற விவரம் ஆகியவை எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பார்க்க விரும்புபவர் தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளட்டும். யார் பார்த்தார் என்பது உரிமையாளருக்குத் தெரியட்டும். கைத்தொலைபேசி கைவராத முதியவருக்கு உதவ, பிரதேச சபை நூலகத்தில் ஒருவரை அமர்த்த வேண்டும். இல்லாவிட்டால் முதலில் பயனடைபவர் சட்டத்தரணியையும் நில அளவையாளரையும் ஏற்கெனவே வைத்திருப்பவர்தான்.

அடித்தளம் மாற்ற, மையத்தை மூன்று திசைகளில் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்ற மூன்று எண்களை அண்ணரின் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். புள்ளி களப்பிலிருந்து எழுந்து வந்து கிணற்றடிக்குப் பக்கத்தில் நின்றது. அண்ணர் சிறிது நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் பின்வளவின் எல்லையையும் காட்டு" என்றார். அதற்கான கோப்பு எங்களிடம் இல்லை. 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் இருவரும் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினோம். விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். வரைபடத்தின் பிரதி வேண்டும் என்று எழுதியிருந்த வரிக்குக் கீழே மகன் இன்னொரு வரி சேர்த்தான்: மூலைகளின் ஆள்கூறுகளும், அவை எந்த அடித்தளத்தில் அளக்கப்பட்டவை என்ற விவரமும்.