நொதிப்பான் அன்று, நொதிசாடி

மெல்பர்னில் வசிக்கும் என் தங்கை மகன் வீட்டில் பீர் செய்யப் பழகுகிறான். அவனுடைய நண்பர் ஒருவர் தமிழில் பெயர்த்த செய்முறைக் குறிப்பைப் பினாங்கில் இருக்கும் எனக்கு அனுப்பி, “மாமா, நொதிப்பான் எத்தனை கிராம் போட வேண்டும்?” என்று கேட்டான். அவன் கேட்டது ஈஸ்ட்டைப் பற்றி. குறிப்பில் அந்தச் சொல் சுட்டியதோ பீர் நொதிக்கும் 30 லிட்டர் பிளாஸ்டிக் வாளியை. ‘ஃபெர்மென்டர்’ என்பதற்கு ‘நொதிப்பான்’ என்னும் பெயர்ப்பை நான் காண்பது இது முதன்முறை அன்று என்பதால், இம்முறை எழுதியே தீர்வது என்று அமர்ந்தேன்.

மூலச்சொல்லின் வரலாறு சிறியது. புளிமாவைக் குறித்த ‘ஃபெர்மென்டும்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. அதன் வேரைக் கொதித்தல், பொங்குதல் என்ற பொருளுடைய வினையில் காண்பர். தமிழில் நொதித்தல் என்கிறோம், மலாயில் ‘பெனாப்பாயான்’ என்கிறார்கள். இனிப்பான ‘தாப்பாய்’ சோற்றின் பெயரே அதற்கு அடி. (அந்தச் சோற்றைப் புளிக்க வைக்கும் வெள்ளை வில்லைக்கு மலாயில் ‘ராகி’ என்று பெயர். கேழ்வரகை நினைத்துக்கொண்டு அதை வாங்கி வந்த தமிழர் நான் ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது.)

இனி ‘நொதிப்பான்’. ‘ஆன்’ விகுதி வினையைச் செய்வதைக் காட்டுவது. குளிர்ப்பான் குளிர்விக்கிறது, அதில் பிழையில்லை. வாளியோ எதையும் நொதிக்கச் செய்வதில்லை. சர்க்கரையைத் தின்று சாராயமும் கரியமில வாயுவும் ஆக்குவது ஈஸ்ட். வாளி அதற்கு இருப்பிடம், அவ்வளவே. ஆங்கிலத்தில் ‘அர்’ என்று முடியும் சொல்லைக் கண்டவுடன் தமிழில் ‘ஆன்’ ஒட்டுவது மொழிபெயர்ப்பாளர் சிலருக்குக் கைப்பழக்கம் ஆகிவிட்டது. இட்லி மாவு புளிக்கும் சட்டியை எந்த வீட்டிலும் புளிப்பான் என்பதில்லை; தென்னையில் கட்டிய கலயத்தைக் கள்ளாக்கி என்று எந்தத் தோட்டத்திலும் சொன்னதில்லை. அதே குறிப்பில் இருந்த ஒரு வரி: “நொதிப்பானில் நொதியைச் சேர்த்து நொதிக்க விடவும்.” நொதி என்பது என்சைம், ஈஸ்ட் ஓர் உயிர். இரண்டையும் ஒன்றாக்கிய பிறகு, படிப்பவன் எதை எதில் போடுவான்?

‘நொதிகலன்’ என்போரும் உளர். இலக்கணப்படி அதில் குறை காண முடியாது. கலன் என்பது நல்ல சொல்லுங்கூட. ஆனால் பீர் செய்பவன் முதலில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைக் கொதிகலனில் காய்ச்சி, ஆறவைத்து, அதன் பிறகே நொதிகலனில் ஊற்ற வேண்டும். முதலெழுத்து ஒன்றே வேறாக இருக்கும் இரு பெயர்கள் அடுத்தடுத்த வரிகளில் வந்தால், அச்சுப்பிழை ஒன்று போதும், பிளாஸ்டிக் வாளி அடுப்பில் ஏறிவிடும். தூய்மை மட்டும் பார்த்துத் தெளிவைக் கைவிடும் சொல்லாக்கம் எனக்கு உடன்பாடன்று. ‘புளிகலம்’ வேண்டவே வேண்டாம்; பீர் புளித்தால் அது கெட்டுவிட்டது என்றே பெரும்பாலும் பொருள்.

நமக்குப் பழைய சொல் ஒன்று இருக்கிறது. பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியை வாயகன்ற பிழாவில் ஆற்றி, நொதிக்கச் செய்யும் நல்லடை கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, “வல்வாய்ச் சாடியின் வழைச்சற விளைந்த” கள்ளை எடுக்கிறார்கள். ஆற்றும் கலம் வேறு, விளையும் சாடி வேறு என்னும் பிரிவு அங்கேயே இருக்கிறது. ஊறுகாய்ச் சாடி இன்றும் நம் அடுக்களையில் இருப்பதால் அகராதியைத் தேடவும் வேண்டாம். ஆகவே நொதிசாடி என்கிறேன். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. ‘நொதிச்சாடி’ என்று ஒற்றிட்டால் என்சைம் வைக்கும் சாடி ஆகிவிடும்.

சாடி என்ற சொல், வாங்கும்போதும் வழிகாட்டும். சாடிக்கு வாயும் வயிறும் மூடியும் பார்ப்போம் அல்லவா? தொடக்கக்காரருக்கு உணவுத்தரப் பிளாஸ்டிக்கில், கை நுழையும் அகன்ற வாயுடையதே ஏற்றது. நார் கொண்டு தேய்த்துக் கீறிவிட்டால் கீறலில் கிருமி தங்கும் என்பதால் மென்துணி போதும். 23 லிட்டர் பீருக்கு 30 லிட்டர்ச் சாடி வேண்டும், மேலெழும் நுரைக்கு இடம் தேவை. கண்ணாடிக் குடுவை கீறாது. ஆனால் ஈரக்கையில் வழுக்கினால் ஆபத்து, வெளிச்சம் பட்டால், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் கெடும். எஃகுச் சாடி நீடித்து உழைக்கும், விலைதான் மிகுதி.

மூடியில் செருகும் சிறு குழாய்க்கு அந்தக் குறிப்பு ‘காற்றுப்பூட்டு’ என்று பெயரிட்டிருந்தது. உள்ளிருக்கும் வாயுவை நீர் வழியே வெளியே விட்டு, வெளிக்காற்றை மட்டும் தடுப்பது அது. பூட்டு என்று படித்த என் மருமகன் அதன் துளையை அடைத்துவிட்டான். மறுநாள் காலையில் மூடி கூரையில் பட்டுக் கீழே கிடந்தது. ‘நீரடைப்பு’ என்று திருத்தி, ‘நொதிப்பானில் நொதியை’ என்ற அந்த வரியையும் மாற்றி எழுதி அனுப்பினேன்: “ஆறிய சாற்றை நொதிசாடியில் ஊற்றி, ஈஸ்ட்டைத் தூவி, நீரடைப்பைப் பொருத்தவும்.”