கிறிஸ்துமஸ் குடிலுக்கு விரிக்கும் துணியில் ஊக்கு குத்தாதீர்கள்

டிசம்பர் முதல் வாரம் வந்துவிட்டால், ராமேசுவரத் தீவின் தங்கச்சிமடத்தில் நான் நடத்தும் தையல் வகுப்புக்குப் புதுத் துணியைவிடப் பழைய துணிதான் அதிகம் வரும். பிளவுஸுக்கு அவசரப்படுகிறவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் கையில் பிளாஸ்டிக் கவரோடு யாராவது தயங்கி நிற்பார்கள். "டீச்சர், இது எங்க அம்மாச்சி போட்டது. வெளுக்க முடியுமான்னு பாருங்க." கவரைப் பிரித்ததுமே வாடை சொல்லிவிடும். பதினோரு மாதம் பீரோவின் அடித்தட்டில் அந்துருண்டையோடு புழுங்கிக் கிடந்த துணி அது.

போன வருடம் அப்படி வந்தது, இயேசு பிறந்த காட்சியை வைக்கும் குடிலுக்கான ஒரு விரிப்பு. இரண்டு முழச் சதுரம், கட்டம் தெரிகிற கெட்டித் துணி. மூலைக்கு ஒன்றாகச் சிவப்பு நூலில் நான்கு நட்சத்திரங்கள், எல்லாம் குறுக்குத் தையல், அதாவது ஓர் இழைமேல் இன்னோர் இழை X போல விழும் தையல். சுற்றிலும் குரோஷா விளிம்பு. நான் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். முன்பக்கம் யார் போட்டாலும் ஓரளவு அழகாகத்தான் இருக்கும். கை எப்படிப்பட்டது என்பது பின்னால்தான் தெரியும். ஒரு முடிச்சு கிடையாது, நூல் முனையெல்லாம் தையலுக்கடியில் ஓட்டி மறைத்திருந்தது. முன்பக்கம் திருப்பியபோது ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. மூன்று நட்சத்திரங்களில் மேல் இழை வலப்பக்கம் சாய்ந்திருக்க, நான்காவதில் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அது வேறு கை.

"அது எங்க பெரிய அம்மாச்சி போட்டது டீச்சர். ரெண்டு பேரும் தனுஷ்கோடியில ஒண்ணா உக்காந்து போட்டாங்களாம்" என்றார் கொண்டுவந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரே போனது இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருந்தது. புயலுக்கு முந்தின வாரம் பாம்பனில் இருந்த உறவினர் வீட்டுக் குடிலுக்காகக் கொடுத்தனுப்பியிருந்ததால் இந்தத் துணி மட்டும் தப்பியதாம்.

அப்படிப் புயலுக்குத் தப்பிய துணியை ஓர் ஊக்கு தின்றுகொண்டிருந்தது. அந்த நான்காவது மூலையில், மேசைக்குப் பின்னால் இழுத்துக் குத்திய ஊக்கை எடுக்காமலே யாரோ மடித்து வைத்திருக்கிறார்கள். அது துருப்பிடித்து, சுற்றிலும் காப்பிக் கறை மாதிரி ஒரு வட்டம். நடுவில் விரல் வைத்தால் துணி பொடியாக உதிர்ந்தது.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, குடிலில் விரிப்பதால் எந்தத் துணியும் கெடுவதில்லை. ஜனவரியில் நாம் எடுத்து வைக்கிற லட்சணத்தில்தான் கெடுகிறது. அதுவும் நம் கடற்கரையில்.

காரணம் உப்பு. ஜன்னல் திறந்திருக்கிற வீட்டில் பத்து நாள் விரித்து வைத்த துணியில் உப்புக் காற்று படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, நாக்கில் வைத்தால் தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலைதான் துணியிலும் நடக்கிறது. நீங்கள் காய வைத்துத்தான் மடித்தீர்கள், ஆனால் பீரோவுக்குள் அது மறுபடி ஈரமாகிறது. அப்புறம் பூஞ்சை. இரும்பு எது இருந்தாலும் துரு. துரு வெறும் கறை என்று நினைக்காதீர்கள். அது பருத்தி இழையையே அரித்து வலுவிழக்கச் செய்யும்.

துருவைப் போக்க எலுமிச்சம்பழமும் கல்லுப்பும் தேய்த்து வெயிலில் போடுகிற வழக்கம் இங்கே உண்டு. புதுத் துணி என்றால் சரி, கறை போகும். ஐம்பது வருடத் துணியில் செய்தால் கறையோடு துணியும் போய்விடும். குளோரின் கலந்த பிளீச் ஊற்றுவது அதைவிட மோசம், துரு இன்னும் ஆழமாகப் பதியும். பழைய துணியில் துருக்கறை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் என் கட்சி. கறையை மறைக்க ஒரு சொரூபத்தை, அதாவது குடில் பொம்மையை, அதன்மேல் வைத்துவிடுங்கள், இடையர்கள்தான் நிறையப் பேர் இருக்கிறார்களே.

சரி, ஊக்கு இல்லாமல் எப்படி நிறுத்துவது? விரிப்பின் ஓரத்தை மேசைத்துணியோடு சேர்த்து வெள்ளை நூலால் பெரிது பெரிதாக நூலோட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. விழா முடிந்ததும் கத்தரித்து உருவிவிடலாம். ஸ்டேப்ளர், டிராயிங் பின், செல்லோ டேப் எதுவும் வேண்டாம். டேப்பின் பசை துணியில் மஞ்சளாக இறங்கினால் எடுக்கவே முடியாது.

சுவரில் மாட்டுவதற்கு நம் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. வலைத் துண்டு. நன்றாக அலசிக் காயவைத்த வலையைச் சுவரில் இழுத்துக் கட்டி, ஞானஸ்நானத் தொப்பி, புதுநன்மைக் கைக்குட்டை, குரோஷாப் பூக்கள் என்று வீட்டில் சேர்த்து வைத்ததையெல்லாம் நூலால் கண்ணிகளில் கட்டித் தொங்கவிடலாம். போன முறை ஒரு வீட்டில் நான்கு தலைமுறைக் குழந்தைகளின் தொப்பிகள் வரிசையாகத் தொங்கின. கடையில் வாங்கும் எந்தத் தோரணமும் அதற்கு ஈடாகாது. இன்னொன்று சொல்கிறேன். ஃபிலே லேஸ் என்று கன்னியர் மடங்களில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கும் பின்னலுக்கு அடித்தளமே சதுரக் கண் வலைதான். அதற்குப் போடுகிற முடிச்சும் நம் ஆண்கள் கடற்கரையில் உட்கார்ந்து வலைக்குப் போடுகிற அதே முடிச்சு. இதைச் சொன்னால் என் மாணவிகளின் அப்பாமார் ஒரு சுற்றுப் பெருத்துப் போகிறார்கள்.

ஆனால் நைலான் வலை சூடு பட்டால் உருகும். மெழுகுவர்த்தியும் சீரியல் செட்டும் அதற்குப் பக்கத்தில் வேண்டாம். பனிக்காகப் பரப்பும் பஞ்சு, வைக்கோல், பழைய பருத்தித் துணி மூன்றும் ஒரே இடத்தில் இருப்பதுதான் நம் குடில், ஒரு பொறி போதும். போன வருட சீரியல் செட்டை அப்படியே மாட்டாமல் பிளக்கின் பித்தளை முனையைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புக் காற்று அரித்திருக்கிறது என்று அர்த்தம், அந்த இடம் சூடேறும். கோயிலுக்குப் புறப்படும்போது சுவிட்சை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

குடிலில் பவளத் துண்டு வைக்கிற வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டன் காலத்தில் தாராளமாகக் கிடைத்தது, வைத்தார்கள். இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் பவளமும் கடல்குதிரையும் இருக்கின்றன. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். வீட்டில் பழையது இருந்தால் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கரையில் ஒதுங்கும் சாதாரணச் சிப்பி என்றால் இரண்டு நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போனபின் வையுங்கள். இல்லாவிட்டால் விரிப்பில் வட்டம் வட்டமாகத் தடம் விழும்.

இனி ஜனவரி. மூன்று அரசர் திருநாள் முடிந்து குடிலைக் கலைக்கும் அன்றே துணியை அலசிவிட வேண்டும், அழுக்குத் தெரியாவிட்டாலும். இங்கேதான் தண்ணீர் ஒரு பிரச்சினை. பல கிணறுகளில் உப்பு, சோப்பு நுரைக்காது, வெள்ளைத் துணி சாம்பல் பூத்துவிடும். அதனால் நான் சொல்வது மழைத் தண்ணீர். நமக்கு மழையே பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான். ஓட்டிலிருந்து முதல் மழையைப் போகவிட்டு, அடுத்த மழையில் இரண்டு குடம் பிடித்து மூடி வைத்தால் போதும். திறந்து வைத்தால் டெங்குக் கொசு குடியேறிவிடும்.

அலசும் முன் சாயம் போகுமா என்று பாருங்கள். வெள்ளைத் துணியை நனைத்து, சிவப்பு நூலின்மேல் பின்பக்கமாக ஒரு நிமிடம் அழுத்துங்கள். அதில் சிவப்பு ஒட்டினால் தண்ணீரில் போடவே போடாதீர்கள். உதறி, நிழலில் காற்றாட விட்டால் போதும். ஒட்டாவிட்டால், பூந்திக்கொட்டை ஊறிய நீரை வடிகட்டி அதில் பத்து நிமிடம். கசக்காமல், பிழியாமல், துண்டின்மேல் விரித்துச் சுருட்டி ஈரத்தை எடுங்கள். கஞ்சி போட்ட துணியென்றால் கஞ்சி முழுக்கப் போகும்வரை அலசுங்கள். கஞ்சியைத் தேடித்தான் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் வருகின்றன. ராமேசுவரத் தீவில் ராமபாணத்துக்குப் பயப்படுகிற ஒரே ஆள் நான்தான் என்று வீட்டில் கிண்டல்.

வைப்பதற்கு பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளேயே நிற்கும். செய்தித்தாளும் வேண்டாம், மஞ்சள் ஏறும். கஞ்சியில்லாத பழைய வேட்டித் துண்டில் வைத்து, மடிக்காமல் சுருட்டி, பனை ஓலைப் பெட்டியில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விடுங்கள். அந்துருண்டைக்குப் பதிலாக வசம்பையோ காய்ந்த நொச்சி இலையையோ துணியில் முடிந்து போடலாம். நான் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகள் உண்டு. அந்துருண்டையோடு கிடந்த சட்டையைப் பச்சைக் குழந்தைக்குப் போட்டு, அந்தக் குழந்தைக்கு இந்தக் குறை இருந்துவிட்டால், அதன் ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். குடும்பத்து ஞானஸ்நானச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகக் குழந்தைக்குப் போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அந்தத் தனுஷ்கோடி விரிப்புக்கு வருகிறேன். துருப்பிடித்த இடத்துக்குப் பின்னால் மெல்லிய பருத்தித் துணி ஒன்று கொடுத்து, இழை இழையாகப் பிடித்தேன். நட்சத்திரத்தில் ஒன்பது தையல் உதிர்ந்திருந்தது. சிவப்பு நூலைக் கோத்துக்கொண்டு அந்த அம்மாவிடம் கேட்டேன்: "மேல் இழையை எந்தப் பக்கம் சாய்க்கட்டும்? மற்ற மூணு மாதிரி வலப்பக்கம் போட்டா ஒரே சீராத் தெரியும்."

அவர் விரிப்பைத் திருப்பி, பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெரிய அம்மாச்சி பக்கமே சாய்ச்சிருங்க டீச்சர்."